செங்கம்மாள் ‘ஸ்டாப்’ சொன்ன ஞாயிறு

துப்பாக்கி சுடும் இடத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தும் செங்கம்மாள் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சுடு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சுடட்டுமா என்று அவளும் கேட்டதில்லை.

கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி மூன்று கிலோமீட்டர் போனால், சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு ரைபிள் கிளப். தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்று, பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டைகளை ஏர் ரைபிளால் சுடலாம். காலை எட்டு மணிக்கு வந்து ஷெட்டைப் பெருக்குவது, ஓட்டை விழுந்த அட்டைகளை எடுத்துவிட்டுப் புது அட்டை மாட்டுவது, சிதறிக் கிடக்கும் ஈயக் குண்டுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து டப்பாவில் போடுவது, இதெல்லாம் செங்கம்மாளின் வேலை.

ஈயத்தை அவளுக்கு முன்பே தெரியும். ஊத்துக்கோட்டைப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளில் வளர்ந்தவள், கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு பேட்டரி கம்பெனியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவாமல் சோற்றுப் பக்கம் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. புருஷன் பச்சையப்பன் கடம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்ட வந்தான். கூடவே இவளும் வந்தாள், அந்தக் கை கழுவும் பழக்கத்தோடு.

கிளப்பின் பொறுப்பாளர் ஜெரால்ட் சார், துணை ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்கள் வருவார்கள். புதிதாக வருபவர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் அவர் அரை மணி நேரம் விதிமுறைகளைச் சொல்வார். செங்கம்மாள் துடைப்பத்தோடு பின்னால் நின்று கேட்பாள். கேட்டுக் கேட்டு, அவர் எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். அவர் எதையாவது விட்டுவிட்டால் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும். “சார், செருப்பு.” உடனே அவர், “ஆமாம், செருப்பு போட்டுக்கொண்டு யாரும் சுடக் கூடாது, ஷூதான்” என்று சேர்த்துக்கொள்வார்.

போன மார்ச் மாதம், பாதுகாப்பு வாரம் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு கம்பெனி தன் தொழிலாளர்கள் நாற்பது பேரைக் கிளப்புக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. அதற்கு முதல் நாள்தான் கிளப்பில் பெரிய போட்டி. ஜெரால்ட் சார் பகல் முழுக்கக் கத்தித் தீர்த்திருந்தார். ஞாயிறு காலை வாயைத் திறந்தால் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“இன்னா சார், தொண்டை சுத்தமா போயிடுச்சா?”

அவர் தலையாட்டிவிட்டு, ஸ்கோர் எழுதும் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதினார்: ‘இன்று ரத்து.’

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அவரால் பேச முடியாதே, செங்கம்மாள் எடுத்தாள். பேசியது சுகிர்தா. அந்தக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுபவள். பஸ்ஸுக்கு அவள்தான் தலைவி.

“அக்கா, பெரியபாளையம் தாண்டிட்டோம்! நாஷ்டா முடிஞ்சிது! அங்க பாத்ரூம் இருக்குதில்ல?” பின்னால் நாற்பது பேரும் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“இருக்குது, வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

உதவிக்கு வந்திருந்த கிளப் உறுப்பினர்கள் இரண்டு பேர். நன்றாகச் சுடுவார்கள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் வேர்த்து ஊற்றிவிடும். ஜெரால்ட் சார் அவர்களைப் பார்த்தார், செங்கம்மாளைப் பார்த்தார். பலகையை அழித்துவிட்டு எழுதினார்: ‘நீ பேசு.’

“நானா? வெளாடாதீங்க சார். நான் ஒம்போதாங் கிளாஸு ஃபெயிலு.”

அவர் மறுபடி அழித்து எழுதினார்: ‘எனக்குத் தெரிந்தது எல்லாம் உனக்குத் தெரியும்.’ எழுதிவிட்டுத் தன்னுடைய சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினார். சுடுதளத்தில் அந்தச் சிவப்பு ஜாக்கெட் போட்டிருப்பவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. செங்கம்மாளுக்கு அது முட்டி வரை தொங்கியது.

பஸ் வந்து நின்றதும் திருவிழாக் கூட்டம் மாதிரி இறங்கினார்கள். ஒருவன் இறங்கும்போதே ‘டிஷ்யூம் டிஷ்யூம்’ என்று விரலால் சுட்டுக்கொண்டே இறங்கினான். செங்கம்மாள் ஜாக்கெட் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எல்லாரும் வாங்க, ஒக்காருங்க. நான் செங்கம்மா. தெனம் இங்க பெருக்கறது நான்தான். சாருக்கு இன்னிக்கி தொண்டை இல்ல. அதனால அவரோட தொண்டை இன்னிக்கி நான்.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஏறிவிட்டது.

“மொதல் விசயம். துப்பாக்கி வாய் எப்பவும் அந்த அட்டையத்தான் பாக்கணும். யாராவது கூப்ட்டா நீ திரும்பு. அது திரும்பக் கூடாது. ரெண்டாவது, காலியா இருக்குதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க. குண்டு கீதுன்னே வெச்சிக்கினு புடிங்க. அப்பால இந்த விரலு. சுடற நேரம் வர்ற வரைக்கும் ட்ரிகர் கிட்ட அதுக்கு வேலையே இல்ல. வெளியே நேரா நீட்டிக்கினு கெடக்கட்டும்.”

“மூக்கு அரிச்சா?” என்றாள் சுகிர்தா.

“கீழ வெச்சிட்டு சொறி. யாரு வேணாங்கறா?”

ஷெட்டே குலுங்கியது. ஜெரால்ட் சார் சத்தம் வராமல் சிரித்தார். தோள் மட்டும் ஏறி இறங்கியது.

அவள் அடுக்கிக்கொண்டே போனாள். ஆரஞ்சு நிறக் கயிற்றைக் காட்டி, சுடாத நேரத்தில் இதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் விட்டு வைக்க வேண்டும், கயிறு தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே எல்லோருக்கும் புரியும் என்றாள். தரையில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு அடிகூட வைக்கக் கூடாது, அட்டை தானாக மோட்டாரில் உங்களிடம் வரும் என்றாள். முந்தானையை இடுப்பில் சொருகச் சொன்னாள். கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். சில சமயம் குண்டுத் துணுக்கு திரும்பி வரும். உள்ளே டீ கிடையாது, முறுக்கு கிடையாது.

“பக்கத்தில சுட்டுகினு இருக்கறவங்க கிட்ட பேசாதீங்க. மூச்சைப் புடிச்சிகினு நிப்பாங்க, பாவம். அடுத்தவங்க துப்பாக்கிய கேக்காம தொடாதீங்க. ஒருத்தர் அட்டையில ஓட்டையே உழலைன்னா சிரிக்காதீங்க. உங்க அட்டையும் வரும் இல்ல?”

கடைசியாக ஸ்டாப். ‘ஸ்டாப்’ என்ற சத்தம் கேட்டால் அந்த நொடியே விரலை எடுத்து, துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, கோட்டை விட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

“அத யாரு வேணா சொல்லலாம். சாரு சொல்லலாம், நீங்க சொல்லலாம். தப்பா எதுனா கண்ணுல பட்டா வாயத் தொறந்துடணும். யாரு ஸ்டாப் சொன்னாலும் எல்லாரும் நிறுத்தணும். சரி, எழுந்திரிங்க. ஒரு தபா செஞ்சி பாத்துடலாம்.”

செய்து பார்க்க அவள் எடுத்து வந்தது மாப் கட்டை. ஷெட்டில் இருந்த நாலு மாப்பு, இரண்டு ஒட்டடைக் குச்சி, ஒரு குடை, எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள், மீதிப் பேருக்கு வெறுங்கைதான் துப்பாக்கி. கோட்டில் நின்று குறி பார்க்கச் சொன்னாள். பாதியில் ‘ஸ்டாப்!’ என்று கத்தினாள். முதல் தடவை மூன்று பேர் திரும்பி அவளையே பார்த்தார்கள், கையில் மாப்போடு. “மூணு பேரும் என்னிய சுட்டுட்டீங்க, நான் செத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இரண்டாவது தடவை ஒருவன்தான் திரும்பினான். ஐந்தாவது தடவை வாய்க்குள் ‘ஸ்’ வந்ததுமே எல்லாக் கட்டைகளும் மேஜைக்குப் போய்விட்டன. கைதட்டல் சவுக்குத் தோப்பு வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகுதான் நிஜத் துப்பாக்கி. பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். உறுப்பினர்கள் இருவரும் குண்டு போடச் சொல்லிக் கொடுத்தார்கள். செங்கம்மாள் பின்னால் நடந்துகொண்டே விரல்களைப் பார்த்தாள். சுகிர்தா முதல் குண்டைச் சுட்டதும் துள்ளிக் குதிக்கப் போனாள். நினைவு வந்தது. துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, கயிற்றை நிதானமாகக் குழாய்க்குள் விட்டு, இரண்டடி பின்னால் வந்து, அதற்கப்புறம் குதித்தாள். அட்டையின் ஓரத்தில் ஒரு ஓட்டை. கறுப்பு வட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவளுக்கு அது போதும். இன்னொருவன் பத்துக் குண்டு சுட்டும் அட்டை கன்னி கழியாமல் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்றவனுடைய அட்டையில் இருபது ஓட்டை. யாரும் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஒரு கார் வந்தது. கம்பெனியின் பிளான்ட் மேனேஜர் விஜயகுமார். கும்மிடிப்பூண்டியில் ஏதோ வேலை முடித்துவிட்டுத் தனியாக வந்திருந்தார். செங்கம்மாள் சொன்ன விதிமுறை எதையும் அவர் கேட்கவில்லை என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாது. கடைசி பத்துப் பேரில் ஒருவர் என்று நினைத்து அவரைக் கோட்டில் நிறுத்திவிட்டார்கள். செங்கம்மாள் அப்போது ஷெட்டின் மறு கோடியில் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

விஜயகுமார் மூன்று குண்டு சுட்டார். மூன்றில் ஒன்று கறுப்பில். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்து, “யாராவது ஒரு போட்டோ எடுங்கப்பா!” என்று அப்படியே திரும்பினார். துப்பாக்கியும் அவரோடு திரும்பியது. பெஞ்சில் முப்பது பேர்.

“ஸ்டாப்!”

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று செங்கம்மாளுக்கே தெரியவில்லை. கோட்டில் நின்ற ஒன்பது பேரும் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் தரையோடு குந்திவிட்டார்கள். நின்றுகொண்டிருந்தது விஜயகுமார் மட்டும்தான்.

“காலிதாம்மா. சுட்டாச்சு” என்றார் அவர்.

“மொதல்ல வாய அட்டை பக்கம் திருப்புங்க சார். அப்பால பேசலாம்.”

திருப்பினார். ஆனால் முகம் கறுத்துவிட்டது. “நீ யாரும்மா?”

“இங்க பெருக்கறவ சார். மேஜை மேல வெச்சிட்டு பின்னால வாங்க.”

தொழிலாளர்கள் யாரும் தங்கள் மேனேஜரைப் பார்க்கத் துணியவில்லை. ஜெரால்ட் சார் நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். விஜயகுமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

ஜெரால்ட் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துப்பாக்கியை எடுத்தார். அட்டையைக் குறி பார்த்து ட்ரிகரை அழுத்தினார்.

‘டப்.’

அட்டையில் நாலாவது ஓட்டை விழுந்தது. மேனேஜர் அடுத்த குண்டைப் போட்டு மூடியதை மறந்தே போயிருந்தார்.

விஜயகுமார் பெஞ்சைப் பார்த்தார். அங்கே குந்தியிருந்த முகம் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“என் பிளான்ட்ல ஒருத்தன் இப்படி செஞ்சிருந்தா அந்த நிமிஷமே வெளியே அனுப்பியிருப்பேன்” என்றார் மெதுவாக. “சொல்லுங்கம்மா. நான் போகட்டுமா?”

“எதுக்கு சார்? மொதல் தபா வர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்கத்தான் நாங்க கீறோம். நான் சொன்னப்ப நீங்க இல்ல. ஒக்காருங்க, சொல்றேன்.”

பெஞ்சில் அவரைத் தனியாக உட்கார வைத்து மூக்குச் சொறிவதிலிருந்து முறுக்கு வரை முழுக்கச் சொன்னாள். ஒரு வரியைக்கூட விடவில்லை. சொல்லி முடித்ததும் கையில் மாப்பைக் கொடுத்தாள்.

“இது எதுக்கும்மா?”

“எல்லாரும் செஞ்சாங்க சார்.”

மேனேஜர் மாப்பைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். பின்னால் நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். “ஸ்டாப்!” மாப்பை வைத்தார், பின்னால் வந்தார். “மெதுவா வர்றீங்க சார். இன்னொரு தபா.” மறுபடியும். மூன்றாவது தடவை அவர் அவசரத்தில் பின்னால் வந்த வேகத்தில், மாப்பு நழுவி வாளியில் விழுந்து தண்ணீர் அவர் ஷூவை நனைத்தது. சுகிர்தாதான் முதலில் உடைந்தாள். அவளைத் தொடர்ந்து ஷெட் முழுக்க வெடித்தது. விஜயகுமார் நனைந்த ஷூவை உதறினார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

சாப்பாட்டுக்கு முன் செங்கம்மாள் குழாயடியில் நின்றுகொண்டாள். “சோப்பு போட்டுக் கழுவுங்க. ஈயம் கைய விட்டு லேசுல போகாது. நைனா, வெரலு நுனிய மட்டும் நனைச்சிகினு ஓடாத, இங்க வா.” முழங்கை காட்டாமல் யாருக்கும் புளிசாதப் பொட்டலம் கிடைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சுகிர்தா கேட்டாள், “அக்கா, நீ எத்தினி எடுப்பே? நூத்துக்கு நூறா?”

“நான் சுட்டதே இல்லியே.”

“இன்னாது?”

நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஜெரால்ட் சார் ஓடிப்போய்ப் பலகையில் எழுதினார்: ‘ஏன் கேட்கவில்லை?’

“நீங்க கேக்கலியே சார்” என்றாள் செங்கம்மாள்.

அவர் தான் எழுதியதை உள்ளங்கையால் அழித்தார். பிறகு ஒரு புது அட்டையை எடுத்து, செங்கம்மாள் தினமும் மாட்டும் கிளிப்பில் தானே மாட்டினார். மோட்டாரை ஓட்டி அனுப்பினார்.

செங்கம்மாள் முந்தானையைச் சொருகிக் கண்ணாடி மாட்டிக் கோட்டில் போய் நின்றாள். ரைபிள் அவள் நினைத்ததைவிடக் கனம். கன்னத்தில் கட்டை சில்லென்று ஒட்டியது. எத்தனையோ ஆயிரம் தடவை கையால் மாட்டிய அட்டை, ரைபிளின் குறித் துளை வழியாகப் பார்க்கும்போது யாரோ புதிய ஆள் மாதிரி இருந்தது. சுடுகிறவரிடம் பேசக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள் அல்லவா, பின்னால் ஒரு இருமல்கூட இல்லை.

முதல் குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது வெள்ளையில். மூன்றாவது சுட்டதும் கறுப்புக்குள் ஒரு பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே ஏறியது. சிரித்தால் துப்பாக்கி ஆடும். சிரிப்பை விழுங்கினாள், அது விக்கலாக வந்தது. விக்கிக்கொண்டே மீதி ஏழு குண்டையும் சுட்டு முடித்தாள். துப்பாக்கியை வைத்தாள், கயிற்றை விட்டாள், பின்னால் வந்தாள், தரையில் சப்பென்று உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. சுகிர்தா வந்து தூக்கப் பார்த்து அவளும் பக்கத்தில் விழுந்தாள்.

நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. கறுப்பில் ஐந்து. மாப்புப் பயிற்சி முடிந்து விஜயகுமார் மறுபடி பத்துக் குண்டு சுட்டு எடுத்ததைவிட ஆறு அதிகம். அதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது ஜன்னல் ஒவ்வொன்றிலிருந்தும் “அம்பத்தி ரெண்டு! அம்பத்தி ரெண்டு!” என்று கேட்டது. முன்னால் போன காரின் ஹாரன் அதற்குத் தாளம் போட்டது.

நாலு நாளில் ஜெரால்ட் சாருக்குக் குரல் திரும்பியது. அடுத்த ஞாயிறு அவர் பேசத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் போனை நோண்டினார்கள். ஜாக்கெட்டைக் கழற்றிச் செங்கம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. சென்னையில் சுடுதள அலுவலர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார். தமிழில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டு வந்தாள். இப்போது பெருக்குவதற்கு வேறு ஆள். குண்டுகளை ஈரத் துணியால்தான் எடுக்க வேண்டும், உலர்ந்த துடைப்பம் போட்டால் ஈயத்தூசி பறக்கும் என்று அந்த ஆளுக்கு அவள் தினமும் ஒரு தடவை சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், ஷெட் காலியாக இருக்கும் நேரம், ஒரு மணி நேரம் சுட்டுப் பழகுகிறாள். போன மாதம் மாவட்டப் போட்டியில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தாள். போட்டி முடிந்து அவள் ரயிலில் வந்து இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் பச்சையப்பன் ஆட்டோவோடு காத்திருந்தான். அவள் ஏறி முன்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னாச்சி?”

“ஏழாவது எடம்!”

“அடி சக்கை!” பச்சையப்பன் ஹாரனை விடாமல் அடித்தான். பின்சீட்டில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்டேஷன் ரோட்டில் பாதி தூரம் போனபிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. “மொத்தம் எத்தினி பேரு?”

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள் செங்கம்மாள்.